காரைக்குடியில் மூன்று பகல்: பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான், திருமயம், சித்தன்னவாசல் – எதை எந்த நேரத்தில் வைப்பது?

தாம்பரம்_பயணி

வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் வியாழக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸில் கிளம்பி இரவு காரைக்குடியில் இறங்குகிறோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பகல் கையில் இருக்கிறது. ஞாயிறு இரவு திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயில். மொத்தம் ஆறு பேர்: அப்பா (72), அம்மா (68, முழங்கால் வலி, இருபது படிக்கு மேல் சிரமம்), நாங்கள் இருவர், பத்து வயது மகன், சிங்கப்பூரிலிருந்து வரும் தங்கை.

வரைபடத்தில் தூரம் பார்த்துப் போட்ட திட்டம் இது:

வெள்ளி: புதுக்கோட்டை அருங்காட்சியகம், சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, இரவு திரும்ப காரைக்குடி.
சனி: காலையில் கானாடுகாத்தான் வீடுகள், செட்டிநாடு அரண்மனை உள்ளே, பிறகு ஆத்தங்குடி.
ஞாயிறு: காலை பத்து மணிக்குக் கிளம்பி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, அப்படியே திருச்சி.

இதில் எது சரிப்படாது? அம்மாவால் முடியாத இடம் எது? காரைக்குடியில் தங்குவதா, கானாடுகாத்தானில் தங்குவதா? ஒருமுறை சென்றுவந்த அனுபவத்தைவிட, அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஊரணிக்கரை

உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் சரியாகிவிடும். கிண்டலாகச் சொல்லவில்லை. காரணம் கேளுங்கள்.

முதலில், புதுக்கோட்டை அருங்காட்சியகம் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வெள்ளி காலை நீங்கள் அது இருக்கும் திருக்கோகர்ணத்தில் போய் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிறு திறந்திருக்கும்.

அடுத்து, பிள்ளையார்பட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போகாதீர்கள். மதுரை, திருச்சி, திண்டுக்கல் பக்கத்து வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து சேரும். வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் மதிய நடை சாத்தும் நேரம் வந்துவிடும். அதன்பின் வைரவன்பட்டி போனால் அங்கும் சாத்தியிருக்கும், நாலு மணி வரை திறக்காது. அன்றைக்கே திருச்சியில் ரயிலும் பிடிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், நடை சாத்தும் நேரத்தைப் பாருங்கள். எல்லாமே ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள்தான், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் பூசை நடக்கும் கோயில் எதுவாக இருந்தாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரை, மிஞ்சினால் ஒரு மணிக்குச் சாத்தி, நாலு நாலரைக்குத்தான் திறப்பார்கள். கட்டணம் வாங்கும் பெரிய வீடுகளும் தொல்லியல் துறை இடங்களும் மதியம் சாத்துவதில்லை. எனவே காலை கோயிலுக்கு, உச்சிவெயில் நேரம் வீடுகளுக்கு, பாறையும் கோட்டையும் ஒன்று காலை ஒன்பதையொட்டி, இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல்.

அதன்படி வெள்ளிக்கிழமை:

காலை ஆறரைக்குக் காரைக்குடியை விட்டுக் கிளம்புங்கள். குன்றக்குடி வழியில்தான் வரும், நிற்காமல் தாண்டி நேராகப் பிள்ளையார்பட்டி. ஏழு மணிக்குக் கூட்டம் இருக்காது. கற்பக விநாயகர் பாறையிலேயே குடைந்த திருமேனி, இரண்டே கை, துதிக்கை வலப்பக்கம் சுழி. கருவறையில் எண்ணெய் விளக்கொளி மட்டுமே, கண் பழகுவதற்கு ஒரு நிமிடம் நின்று பார்க்க இடம் கிடைப்பது அந்த நேரத்தில்தான். அம்மாவுக்குப் படிச் சிரமம் எதுவும் இல்லை.

அங்கிருந்து வைரவன்பட்டி, பத்து நிமிடம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்கள் ஒன்பதில் இதுவும் ஒன்று (பிள்ளையார்பட்டியும் அந்த ஒன்பதில் சேர்த்தி). மூலவர் வளரொளிநாதர், ஆனால் ஊர்ப்பெயரே சொல்வது போல இங்கே வைரவர்தான் பேர்போனவர். பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே வருவதில்லை, அதனால் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம். பிறகு குன்றக்குடிக்குத் திரும்புங்கள். மேலே சண்முகநாதர் சன்னதிக்குப் படி ஏற வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். ஆனால் மலையடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் (பாறையைக் குடைந்து செய்த கோயில்கள்) இருக்கின்றன, அவற்றுக்கு மலையேற வேண்டியதில்லை. மேலே போகிறவர்கள் போய்வரும் நேரத்தில் பெரியவர்கள் அதைப் பார்த்துவிடலாம்.

பத்தரை, பதினொன்றுக்குள் கோயில் கணக்கு முடிந்துவிடும். பிறகு உள்சாலையில் ஆத்தங்குடி, அங்கிருந்து கானாடுகாத்தான். அதைப் பற்றி வீடுகளைத் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

ஞாயிறு: திருமயம், புதுக்கோட்டை, சித்தன்னவாசல், கொடும்பாளூர், திருச்சி. இந்த வரிசை திருச்சியை நோக்கியே போகிறது, பின்வாங்க வேண்டியதே இல்லை. உங்கள் திட்டத்தில் வெள்ளியன்று போய்த் திரும்பிவிட்டு, ஞாயிறு அதே சாலையில் மறுபடியும் போகிறீர்கள்.

இன்னொன்று. ஜனவரி மூன்றாம் வாரம் என்கிறீர்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். சிராவயல் பிள்ளையார்பட்டிக்குப் பக்கம், அன்றைக்கு அந்தச் சாலையை மறந்துவிடுங்கள். தைப்பூசம் எந்தத் தேதி என்று காலண்டரில் பாருங்கள். பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடித்தான் கிளம்பும். நடைப்பயணிகள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள், விடியற்காலையில் வண்டி மெதுவாகத்தான் போகும். காவடியைப் பார்க்க வேண்டும் என்றால் அதுவே ஒரு நல்ல காரணம், அவசரத்தில் இருப்பவர்களுக்கு அல்ல.

---

கட்டுவீடு

வீடுகள் பற்றி.

செட்டிநாடு அரண்மனையை உள்ளே பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1912இல் கட்டியது, இன்றைக்கும் தனியார் சொத்து, பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியில் நின்று முகப்பைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். வரைபடத்தில் பெயரைப் பார்த்து வந்து பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் காவலாளியிடம் வாதாடிக்கொண்டிருப்பவர்கள் தினமும் உண்டு.

கட்டணம் கொடுத்துப் பார்க்கக் கிடைப்பவை: கானாடுகாத்தானில் சி.வி.சி.டி. வீடு (பக்கத்தில் ஒட்டியிருக்கும் சி.வி.ஆர்.எம். இதனுடைய இரட்டை), ஆத்தங்குடியில் லட்சுமி வீடு என்கிற பெரிய வீடு. கட்டணம் சிறியதுதான், ஆனால் ஐம்பது நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை இருக்காது. செருப்பைத் திண்ணையிலேயே விட வேண்டும். மதிய வெயிலில் அந்தப் படிக்கல் சுடும், அம்மாவுக்கு ஒரு காலுறை கொண்டுவாருங்கள்.

ஏன் உச்சிவேளையில் வீடு என்று மேலே சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீடுகளுக்குத் தெருப்பக்கத்து ஜன்னலைவிட வானம்தான் வெளிச்சம். முகப்பு, அதைத் தாண்டி வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு), பிறகு இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையாக முற்றங்கள், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை வெயில் நேராக முற்றத்தில் விழும், அந்த ஒளி தரையில் பட்டுத் தெறித்துத்தான் பத்தியில் இருக்கும் தேக்குத் தூணும் மேல்தளத்து மரவேலையும் தெரியும். காலை எட்டு மணிக்குப் போனால் உள்ளே பாதி இருட்டு. வெளியே கொதிக்கும்போது உள்ளே குளிர்ச்சியாக இருப்பதையும் அப்போதுதான் உணர முடியும்: தடித்த சுவர், உயர்ந்த கூரை, முற்றத்தின் வழியே மேலே போய்விடும் வெப்பக்காற்று.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சைப் பல படலமாகப் பூசி, கடைசிப் படலத்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தெடுத்த வழவழப்பு. வண்ணம் அடித்தது அல்ல. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று வழிகாட்டிகள் அடுக்குவார்கள், மகனுக்கு அதெல்லாம் சீக்கிரம் அலுத்துவிடும். கூரை ஓடுகளிலிருந்து மழைநீர் முற்றத்துக்கு எப்படி இறங்குகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும். தெருவில் இருக்கும் வடிகாலைப் பின்தொடர்ந்தால் ஊரணிக்கு வந்து சேருவான்.

எது தவறலாம்: தை பிறந்துவிட்டால் கல்யாண மாதம். இவை காட்சிக்கூடம் அல்ல, பல புள்ளிகளுக்கு (தனிக் குடும்பங்களுக்கு) பங்குள்ள குடும்ப வீடுகள். கல்யாணமோ சாந்தியோ (அறுபதாம் கல்யாணம் போன்றவை) வைத்திருந்தால் அன்று வெளியாருக்குக் கிடையாது. முதல்நாள் தங்குமிடத்தில் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்று மூடியிருந்தால் இன்னொன்று கிடைக்கும், ஒரே வீட்டை நம்பி நேரத்தைப் போடாதீர்கள். உள்ளே அறைகள் பூட்டியிருக்கும், ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை, அதைத் திறக்கச் சொல்லிக் கேட்பது முறையல்ல.

தங்குவது: ஆறு பேர், அதில் இரண்டு பெரியவர்கள் என்றால் என் ஓட்டு காரைக்குடிக்கு. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் பழைய வீடுகளையே தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அழகுதான். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும், மருந்துக்கடையோ சாப்பாட்டுக் கடையோ தேடினால் காரைக்குடிக்குத்தான் வர வேண்டும், மாடி அறை கிடைத்தால் படியும் செங்குத்து. ஒரு இரவு மட்டும் அங்கே வேண்டும் என்றால் சனி இரவு வையுங்கள், ஞாயிறு காலை திருமயம் பக்கமாகிவிடும். கீழ்த்தள அறை என்று முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள்.

---

குடைவரைப்பித்தன்

ஞாயிறு வழியை நேரத்தோடு எழுதுகிறேன், மேலே சொன்ன வரிசைதான்.

காலை ஏழுக்குள் கிளம்பினால் ஏழரைக்குத் திருமயம். முதலில் கோட்டைக்குப் போகாதீர்கள், கோயில்களுக்குப் போங்கள். ஒரே பாறையின் அடியில் சிவன் குடைவரையும் பெருமாள் குடைவரையும் பக்கத்துப் பக்கத்தில். சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயிலில் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட திருமேனியைப் பார்க்க வேண்டும். மது கைடபர் தாக்க வரும்போது ஆதிசேடன் நஞ்சைக் கக்கி விரட்டும் காட்சி பின்னால் பாறை முழுக்க விரிந்திருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் பட்டர் விளக்கைத் தூக்கி ஒவ்வொருவராகக் காட்டுவார், அதற்காகத்தான் காலையில் போகச் சொல்வது.

பிறகு கோட்டை. 1687இல் கிழவன் சேதுபதி காலத்தில் கட்டியது, தொல்லியல் துறை பராமரிப்பு, டிக்கெட் உண்டு. ஒன்பது மணிக்கு மேல் திறந்ததும் ஏறினால் பத்தேகாலுக்குள் இறங்கிவிடலாம். படியும் பாறைச் சரிவும் கலந்த ஏற்றம், உச்சியில் ஒரு பீரங்கி. நடுவழியில் இரும்பு ஏணி வைத்து ஏறும் ஒரு சிறு சிவன் குடைவரை இருக்கிறது. பலர் ஏணியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பையனுக்குப் பிடிக்கும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம். அம்மா, அப்பா ஏற வேண்டாம். கோட்டைச் சுவரில் சாலையைப் பார்த்தபடி கோட்டை பைரவர் இருக்கிறார். போகிற வண்டியெல்லாம் அங்கே நின்றுதான் போகும், அங்கே அவர்களை இறக்கிவிட்டால் காத்திருப்பதாகவே தெரியாது.

பதினொன்றரைக்குப் புதுக்கோட்டை அருங்காட்சியகம். 1910இல் தொடங்கியது. இந்த மாவட்டத்தின் வெண்கலங்கள், கல்வெட்டுகள், தாழிகள், ஆயுதங்கள், பதம்செய்த விலங்குகள் எல்லாம் கலந்து கிடக்கும் பழைய பாணிக் கூடம். சித்தன்னவாசல் ஓவியத்தின் நகல்களை இங்கே பார்த்துவிட்டு அசலுக்குப் போவது நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன். பக்கத்திலேயே திருக்கோகர்ணம் கோயில், பன்னிரண்டுக்குள் நுழைந்தால் உண்டு. சாப்பாடு புதுக்கோட்டையில் முடித்துக்கொள்ளுங்கள், சித்தன்னவாசலில் சாப்பாட்டுக்குக் கடையை நம்ப வேண்டாம்.

சித்தன்னவாசல் 16 கி.மீ. இங்கே இரண்டு இடங்கள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓவியம் இருப்பது அறிவர் கோயில். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிறு ஏற்றம்தான், கையைப் பிடித்துக்கொண்டால் அம்மாவால் முடியும். குன்றின் மறுபக்கத்தில் இருப்பது ஏழடிப்பட்டம். சமண முனிவர்களின் வழவழப்பான கல் படுக்கைகள் 17, ஒன்றில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு. அதற்குக் குன்று முழுதும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் போக வேண்டும். நிழல் சுத்தமாகக் கிடையாது. அம்மா, அப்பாவுக்கு நிச்சயமாக இல்லை. மற்றவர்கள் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது. அதனால்தான் மதியம் மூன்று மணிக்குச் சொல்கிறேன், காலையில் போனால் உள்ளே வெளிச்சமே வராது. விதானத்தில் தாமரைக்குளம்: மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததை முகப்பில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. ஓவியம் நிறைய உதிர்ந்துவிட்டது. தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் அதிகம். நகலை முன்பே பார்த்திருந்தால் எருமை எங்கே, தண்டோடு தாமரையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் எங்கே என்று கண் தானே தேடிக் கண்டுபிடிக்கும். கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்' என்று முனகச் சொல்லுங்கள் பையனை. ஒரு குறிப்பிட்ட சுருதியில் அறை முழுவதும் அதிரும்.

நாலு மணிக்குக் கிளம்பி அன்னவாசல், விராலிமலைப் பக்கமாகக் கொடும்பாளூர் மூவர் கோயில். இருக்குவேளிர் குறுநில மன்னர் பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்றில் இரண்டு நிற்கிறது, மூன்றாவதின் அடித்தளம் மட்டும். சமதரை, புல்வெளி, வழிபாடு இல்லாததால் மதிய நடைசாத்தலும் இல்லை. மாலை வெயிலில் விமானச் சிற்பங்கள் நன்றாக எடுபடும். அம்மா வண்டியிலிருந்து இறங்கி நாலடி நடந்தால் போதும். அங்கிருந்து திருச்சி – மதுரை நாற்கரச் சாலை பக்கம்தான், ஒரு மணி நேரத்தில் திருச்சி.

நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரத்தை யாராவது நடுவில் சேர்க்கச் சொல்வார்கள். அருமையான இடம். ஆனால் வெறும் பாறையில் கால் மணி நேரத்துக்கு மேல் நடை, பெரியவர்களோடு ஒரே நாளில் இத்தனைக்கும் நடுவே வேண்டாம். குடுமியான்மலையும் அப்படியே: இசைக் கல்வெட்டும் தூண் சிற்பங்களும் அரைநாள் கேட்கும், தவிர மதியம் சாத்திவிடுவார்கள்.

---

தாம்பரம்_பயணி

மிக்க நன்றி. வெள்ளி விடுமுறை என்பது தெரியவே தெரியாது. மூன்று துணைக்கேள்விகள். (1) வண்டி: ஆறு பேருக்கு எப்படிப் பேசுவது? பஸ்ஸில் முடியுமா? (2) சனிக்கிழமை இப்போது காலியாகிவிட்டது, என்ன வைக்கலாம்? (3) தங்கைக்கு ஆத்தங்குடிக் கல்லும், பழைய சாமான் கடையில் ஏதாவதும் வாங்க ஆசை. சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முடியுமா?

---

மைல்கல்

வண்டிக் கேள்விக்கு.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக்குக் காரைக்குடியிலிருந்து பஸ் தாராளம். கானாடுகாத்தானுக்குப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி விலக்கில் இறங்க வேண்டும், ஊருக்குள் நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டும். விலக்கில் நிற்குமா என்று ஏறுவதற்கு முன்பே கண்டக்டரிடம் கேளுங்கள், தூர வண்டிகள் நிற்காது. ஆத்தங்குடி, வைரவன்பட்டி எல்லாம் சேர்த்தால் பஸ் கட்டுப்படியாகாது, முழங்கால் வலியோடு சுத்தமாக முடியாது.

ஏழு இருக்கை வண்டியாகப் பேசுங்கள். வெள்ளிக்கிழமைக்கு "எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்கிற உள்ளூர் வாடகை. அந்தச் சுற்று 80ஐ ஒட்டித்தான் வரும், ஆனால் ஆறரைக்கு எடுத்தால் எட்டு மணி நேரம் இரண்டரைக்கே முடிந்துவிடும். கூடுதல் மணிக்கும் கூடுதல் கிலோமீட்டருக்கும் என்ன கணக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பத்து மணி நேரமாகவே பேசிவிட்டால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கு வெளியூர்க் கணக்கு. நீங்கள் திருச்சியில் இறங்கிவிட்டாலும் வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் காசு உண்டு, ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று போடுவார்கள். போகிற வழி சுற்றி 130ஐ ஒட்டி, திரும்புவது 90, அதனால் அந்தக் குறைந்தபட்சத்துக்குள்ளேயே வந்துவிடும். டிரைவர் பேட்டா, சுங்கம், நிறுத்தக் கட்டணம் சேர்த்தா தனியா என்பதைத் தொலைபேசியில் கேட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பெட்டிகளும் கூடவே வரும். ஏழு இருக்கையில் ஆறு பேர் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு சிறு பெட்டிக்குத்தான் இடம். மேலே கேரியர் இருக்கிறதா, தார்ப்பாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.

திருப்பத்தூர் பெயரில் கவனம். பிள்ளையார்பட்டிக்கு அடுத்தது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வாணியம்பாடிப் பக்கத்தில் ஒரு திருப்பத்தூர், திருச்சிப் பக்கத்தில் பிரம்மா கோயில் உள்ள திருப்பட்டூர். செயலியில் ஊரைத் தட்டி வண்டி பதிவு செய்யும்போது முன்னூறு கிலோமீட்டர் தள்ளி விழுந்துவிடும்.

---

ஊரணிக்கரை

சனிக்கு இரண்டு வழி, ஏதாவது ஒன்று.

அம்மா, அப்பாவுக்கு என்றால் ஆவுடையார்கோயில். அறந்தாங்கி தாண்டி 14 கி.மீ., காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை (லிங்கத்தின் பீடம்) மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைத்து அந்த ஆவியே நைவேத்தியம். ஆனால் கல்வேலைக்காகவே போகலாம். கொடுங்கைகளை (வளைந்த கூரை விளிம்புகளை) மரச் சட்டமும் ஆணியும் போலவே கருங்கல்லில் இழைத்திருக்கிறார்கள், அதுவும் அத்தனை மெல்லியதாக. நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலிக்கும், அப்பாவுக்கு ஒரு கண்ணாடி கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், விதானம் அதில் தெரியும். ஏழரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு வெளியே வந்து, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி.

பையனுக்கு என்றால் எதிர்த்திசை. திருப்பத்தூருக்கு அப்பால் கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977இலிருந்து சரணாலயம், பறவைகள் மிரளும் என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. ஜனவரி சரியான பருவம்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடத்தில் கண்மாயில் தண்ணீரும் இருக்காது, பறவையும் இருக்காது. கிளம்புவதற்கு முன் தங்குமிடத்தில் "கண்மாய் பெருகியிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். திரும்பும் வழியில் திருக்கோஷ்டியூர் பெருமாள். இராமானுசர் மந்திரத்தை ஊரறியச் சொன்ன இடம் என்று விமானத்தில் காட்டுவார்கள், ஏறும் படி குறுகலானது, பெரியவர்கள் கீழேயே நிற்கட்டும். அப்படியே திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவிடம். 1801 அக்டோபர் 24இல் தூக்கிலிட்ட ஊர் அது. (இதனால்தான் அக்டோபர் கடைசி வாரத்தில் இந்த மாவட்டத்தில் சுற்றுலா போடாதீர்கள் என்பேன்: குருபூசைகளுக்காக வாடகை வண்டிகளுக்கே கட்டுப்பாடு வரும்.)

சனி மாலை ஐந்து மணிக்கு மேல் காரைக்குடிக்குள்ளேயே இருங்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் மாலையில்தான் சூடாகக் கிடைக்கும். மெஸ் சாப்பாட்டுக்கு நேர்மாறு: இரண்டரைக்கு மேல் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். கானாடுகாத்தானில் விடுதிச் சாப்பாடு வேண்டும் என்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும், போய் உட்கார்ந்து இலை போடச் சொல்ல முடியாது.

---

பூங்கல்

ஆத்தங்குடிக் கல் கேள்விக்கு.

முதலில் செய்வதைப் பாருங்கள், பட்டறைகள் பெரிய வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து இரண்டு மணி சாப்பாட்டு நேரம், அப்போது போனால் அச்சும் ஆளும் சும்மா இருக்கும். அதனால் பன்னிரண்டு மணிக்குள் பட்டறை, பிறகு வீடு.

செய்முறை இதுதான். சதுர இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூவேலை அச்சை வைத்து, சிமெண்டில் நிறப்பொடி கலந்த கூழைக் கரண்டியால் அந்தந்த அறையில் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதற்குமேல் சாந்து போட்டு மட்டம் பண்ணுவார்கள். நீங்கள் பார்ப்பது கல்லின் முதுகு, முகம் கண்ணாடியில் கவிழ்ந்திருக்கிறது. ஒரு நாள் காய்ந்து, பல நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, வெளியே எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். சூளை கிடையாது, மெருகு இயந்திரம் கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

இதனால் வரும் விளைவுகளைத் தங்கை தெரிந்துகொள்ள வேண்டும். சுடாத கல் என்பதால் கனம் அதிகம், ஓரம் சீக்கிரம் சில்லுப் போகும். விமானப் பெட்டியில் நினைவுக்கு ஒன்றிரண்டு கல் கொண்டுபோகலாம், முகத்தோடு முகம் சேர்த்துத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். தரைக்கே வேண்டும் என்றால் கப்பல் வழிதான். உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்க வேண்டும், ஒரே தடவையில் வாங்க வேண்டும், ஏனென்றால் அடுத்த கலவையில் நிறம் துல்லியமாக ஒத்துவராது. பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூட உடனே துடைக்காவிட்டால் மேல்படலம் அரித்துப் பொரிந்துவிடும், அடுப்படிக்கு நான் சொல்லமாட்டேன். கூடத்துக்கு அருமை, நடக்க நடக்க மெருகேறும்.

பழைய சாமான் கடைகள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்கு, பித்தளைச் சாமான், பீங்கான் சாடி, பழைய படச்சட்டம் வாங்கலாம். கதவு, தூண், மரச்சிற்பம், விக்கிரகம் என்றால் கவனம்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை 1972 சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "பழசு, அசல் நூத்தி இருபது வருசம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அதுவே விமான நிலையத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி. புதிதாகச் செய்தது என்றால் பில்லில் அப்படி எழுதி வாங்குங்கள்.

---

கட்டுவீடு

ஒன்று சேர்க்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தெருவில் நிற்கும் தூணும் நிலைக்கதவும் எங்கிருந்தோ விழுந்தவை அல்ல. பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்த வீடுகள். ஒரு தூணுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதே அடுத்த வீட்டை இடிக்கக் காரணமாகிவிடுகிறது. எனாமல் தூக்கு வாங்குங்கள், கண்டாங்கிச் சேலை வாங்குங்கள், ஓலைக் கொட்டான் வாங்குங்கள். மரத்தைத் தொடாதீர்கள்.

---

பூங்கல்

கடைக்காரர் வாங்காவிட்டாலும் இடிப்பது நிற்காது அண்ணே, விறகாகப் போகும், அவ்வளவுதான். வாங்கி ஒரு வீட்டில் நிறுத்துவது மேல் என்று நான் நினைக்கிறேன். சிங்கப்பூருக்கு அனுப்ப முடியாது என்பதில் மட்டும் நமக்குள் சண்டை இல்லை.

---

குடைவரைப்பித்தன்

சனிக்கு என் ஓட்டு ஆவுடையார்கோயில். ஞாயிறு ஏற்கெனவே வெயிலும் பாறையும்தான், அதற்கு முந்தின நாள் பெரியவர்களுக்கு நிழலில் கழிந்தால் நல்லது. விடியற்காலையில் பறவை பார்க்கக் கிளம்பி, மறுநாளும் ஏழுக்குள் கிளம்பினால் கொடும்பாளூர் வரும்போது யாருக்கும் இறங்க மனம் வராது. ஞாயிறு ரயில் எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்பதுக்கு முன் என்றால் ஏழடிப்பட்டத்தை எடுத்துவிடுங்கள், விராலிமலையிலிருந்து திருச்சி ஜங்ஷன் வரை ஞாயிறு மாலை நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.